உதிரிபாக ஏற்றுமதி: விலைக்கு முன்னே பார்க்க வேண்டிய பொருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கார் உதிரிபாகங்களையும் துணைப்பொருள்களையும் வெளிநாட்டுச் சந்தைக்கு அனுப்பும் தொழிலில் புதிதாக இறங்க விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வாங்குபவரைத் தேடுவது எப்படி, விலை சொல்வது எப்படி, பணத்துக்கு வங்கி வழியாகக் காப்பு தேடுவது எப்படி என்பவற்றை அது தெளிவாகச் சொல்லியிருந்தது. ஆனால், இதே தொழிலின் ஆவணப் பிரிவிலும் சரக்குச் சோதனையிலும் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. நாம் அனுப்பும் பாகம் அந்த நாட்டில் ஓடும் காரில் பொருந்துமா, பொருந்தினாலும் அதை அந்தக் காரில் மாட்ட அந்நாட்டுச் சட்டம் இடம் தருமா என்ற கேள்விதான் அது. விலை பேசுவதற்கு முன்பே இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான புதியவர்களோ கன்டெய்னர் கப்பலேறிய பிறகுதான் இதைக் கேட்கத் தொடங்குகிறார்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆஃப்டர்மார்க்கெட் பாகம் என்றதும் ‘டூப்ளிகேட்’ என்று பொருள் கொள்பவர்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறார்கள். கார் விற்பனையாகிச் சாலைக்கு வந்த பிறகு அதற்குத் தேவைப்படும் பாகத்தை, வேறொரு தயாரிப்பாளர் தன் சொந்தப் பெயரில், தன் சொந்தப் பொறுப்பில் செய்து விற்பதே ஆஃப்டர்மார்க்கெட். கார் நிறுவனத்துக்குப் பாகம் செய்துகொடுக்கும் அதே தொழிற்சாலை, அதே பாகத்தைத் தன் பெயரிட்ட பெட்டியில் சந்தைக்கு விடுவதும் உண்டு. கார் நிறுவனத்தின் முத்திரையைப் பெட்டியில் அச்சிட்டு, அவர்களே செய்ததாக நம்பவைத்து விற்பது போலி; அது எந்த நாட்டிலும் குற்றம். ‘இன்ன மாடலுக்குப் பொருந்தும்’ என்று எழுதுவது வேறு, அந்த மாடலின் முத்திரையையே ஒட்டுவது வேறு என்பதை அறியாதவர்போல் பேசும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எவ்வளவு பெரிய ஆர்டரைக் காட்டினாலும் விலகிக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் நிறுவனம் ஏற்றுமதியில் இறங்கிய தொடக்க ஆண்டுகளில் நடந்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டு மொத்த வியாபாரி ஒருவர், அங்கே பரவலாக ஓடும் ஒரு காருக்கு முன்சக்கர பிரேக் பேட் கேட்டிருந்தார். காரின் பெயர், மாடல் ஆண்டு ஆகிய இரண்டு மட்டுமே ஆர்டரில் இருந்தன. அந்தப் பெயருக்கு நாங்கள் ஏற்கெனவே பேட் செய்துகொண்டிருந்ததால், மேற்கொண்டு எதையும் விசாரிக்காமல் உற்பத்திக்குக் கொடுத்துவிட்டோம். சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது, ஆவணங்களில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை, பணமும் வந்துவிட்டது. சில வாரங்கள் கழித்து ஒரு புகைப்படம் வந்தது. அந்தச் சந்தையில் விற்ற அதே காரில், எஞ்சினைப் பொறுத்து சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் இரண்டு அளவிலும், பேடை அதன் மேல் அழுத்தும் காலிப்பர் இரண்டு வகையிலும் இருந்திருக்கின்றன. எங்கள் பேட் ஒரு வகையில் சரியாக உட்கார்ந்தது. மற்ற வகையில், பேடின் இரு முனைகளிலும் காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி சில மில்லிமீட்டர் அதிகமாக இருந்தது. அங்கிருந்த மெக்கானிக் ஒருவர், வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், அந்தக் காதுகளைக் கிரைண்டரில் தேய்த்து உள்ளே நுழைத்திருந்தார். படத்தில் இருந்தது அந்தத் தேய்த்த இரும்புதான்.

தேய்த்த காது, பேடைத் தாங்கும் பிராக்கெட்டில் ஆட்டம் கொடுக்கும். ஆடும் பேட் சாய்வாகத் தேயும். சில வேளைகளில் இறுகிக்கொண்டு டிஸ்க்கை விட்டு விலகாமல் நின்று சூடேறும். அந்தக் கார் எத்தனை நாள் அப்படி ஓடியது, அதில் யார் போனார்கள் என்பதை இன்றுவரை நான் அறியேன். சரக்கின் அந்தப் பகுதியைத் திரும்பப் பெற முடிவு செய்தோம். அதற்குள் பெட்டிகள் பல சிறு கடைகளுக்குப் பிரிந்து போயிருந்தன. எந்தத் தொகுப்பில் செய்தது என்பதைக் காட்டும் பேட்ச் எண்ணைப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தோமே தவிர, பேடின் இரும்புத் தகட்டில் அடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பெட்டியைப் பிரித்துக் காரில் மாட்டியபின், அது எங்களுடைய பேடா, எந்த நாளில் செய்தது என்று சொல்ல எந்த வழியும் இல்லாமல் போயிற்று. இதில் வாங்குபவர் மேலும் அந்த மெக்கானிக் மேலும் பழி போட எங்களில் சிலர் முயன்றார்கள். நான் அதை ஏற்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் அனுப்பியவர்கள் நாங்கள்.

ஒரு காருக்குப் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயருக்குள் எத்தனை வகைக் கார்கள் அடங்கியிருக்கின்றன என்பதே இத்தொழிலின் பாதி அறிவு. ஒரே பெயர் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு அடித்தட்டின் மேல் கட்டப்பட்ட காரைக் குறிக்கலாம். ஒரே கார் நாட்டுக்கு நாடு வேறு பெயரில் விற்கப்படலாம். ஒரே ஆண்டின் முற்பாதியில் வந்த வண்டிக்கும் பிற்பாதியில் வந்த வண்டிக்கும் முன்விளக்கின் கொக்கி இடம் மாறியிருக்கலாம். ஆகவே காரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் நம்பி ஆர்டர் எடுப்பது, ஊர்ப் பெயரை மட்டும் எழுதித் தபாலில் போட்ட கடிதம் உரியவர் கையில் சேரும் என்று நம்புவதற்குச் சமம். கார் நிறுவனம் அந்தப் பாகத்துக்குக் கொடுத்துள்ள ஓ.இ. நம்பர் வேண்டும், அந்த எண் பின்னர் வேறு எண்ணாக மாற்றப்பட்டிருந்தால் அதுவும் வேண்டும். அந்தச் சந்தையில் ஓடும் சில வண்டிகளின் சேஸிஸ் நம்பரையாவது கேட்டு வாங்கிவிட வேண்டும். 17 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு அவை குழம்பிவிடும் என்பதே காரணம். ஆர்டரில் வந்த சேஸிஸ் நம்பரில் ‘ஓ’ இருந்தால், அதைப் பார்த்து எழுதியவர் தவறிவிட்டார் என்று அப்போதே தெரிந்துவிடும். இந்தச் சிறு சோதனை எங்களைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

ஐரோப்பாவில் டெக்டாக் என்ற மின்னணுப் பட்டியலும், வட அமெரிக்காவில் ஏசஸ், பைஸ் என்ற இரு தரவு முறைகளும் இந்தப் பொருத்தத்தைப் பதிவு செய்வதற்காகவே இருக்கின்றன. எந்தப் பாகம் எந்த வண்டிக்குச் சேரும் என்பதை ஏசஸ் சொல்லும்; பாகத்தின் அளவு, எடை, பெட்டி விவரம் போன்றவற்றைப் பைஸ் சொல்லும். அந்தச் சந்தைகளில் உள்ள பெரிய விநியோகஸ்தர்கள் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு முன் இந்தத் தரவைத்தான் கேட்பார்கள். தரவு சரியில்லாத நல்ல பொருள் அங்கே விற்பதில்லை. தவறான தரவோடு போன நல்ல பொருளோ ரிட்டர்ன் பெட்டியாகத் திரும்பி வரும். தரவு எழுதும் வேலையை அலுவலகத்தின் கடைசி ஆளிடம் தள்ளிவிடும் நிறுவனங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பாகத்தை வடிவமைத்தவரே அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பேன்.

வண்டிகள் சாலையின் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பது அடுத்தது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் இதில் தவறுகிறார். ஹெட்லைட்டின் டிம் ஒளி இருபுறமும் சமமாக விழுவதில்லை. எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாமல் ஒரு பக்கம் தாழ்ந்தும், சாலை ஓரத்தில் நடப்பவரையும் பெயர்ப் பலகையையும் காட்டுவதற்காக மறுபக்கம் சற்று உயர்ந்தும் விழும்படி அது அமைக்கப்படுகிறது. இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான விளக்கை வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் மாட்டினால், அந்த உயர்ந்த ஒளி நேரே எதிரில் வருபவரின் கண்ணில் பாயும். கொக்கிகள் எல்லாம் சரியாக உட்காரும், பல்பு எரியும், மாட்டியவருக்குத் தவறு தெரியவே தெரியாது. ஐ.நா. விதிமுறைப்படி செய்த விளக்கின் மேல் இதற்கென்று ஒரு குறி உண்டு. இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு மட்டுமான விளக்கில், அதை எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கத்தைக் காட்டும் அம்பு இருக்கும். இரு வகைக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய விளக்கில் இருமுனை அம்பு இருக்கும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு மட்டுமானதில் அம்பே இருக்காது. சரக்குச் சோதனையில் நிற்கும் ஒவ்வொருவரும் இந்த அம்பைத் தேடிப் பார்க்கப் பழக வேண்டும். வைப்பர் ஆர்ம், ஸ்டீயரிங் ராக், ஓட்டுநர் பக்கத்து மிதியடி எல்லாம் இதே கணக்கில்தான் வரும். பக்கவாட்டுக் கண்ணாடியிலோ இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி தட்டையாக இருக்க வேண்டும். பயணி பக்கத்துக் கண்ணாடி குவிந்ததாக இருந்தால், பொருள்கள் தெரிவதைவிட அருகில் இருக்கின்றன என்ற எச்சரிக்கை வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். வேறொரு நாட்டுக்குச் செய்த கண்ணாடி எவ்வளவு தரமானதாக இருந்தாலும் அங்கே செல்லாது.

சட்டத்தின் பக்கம் வருகிறேன். 1958-இல் ஜெனீவாவில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வாகனப் பாகங்களுக்கான ஐ.நா. விதிமுறைகளை ஏற்றுக்கொண்ட நாடுகளில் ஒன்று ஒரு பாகத்தைச் சோதித்து ஒப்புதல் அளித்தால், அதே விதிமுறையைப் பின்பற்றும் மற்ற நாடுகளும் அந்த ஒப்புதலை ஏற்கும். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருப்பது அதன் அடையாளம். எண் 1 என்றால் ஜெர்மனி, 2 என்றால் பிரான்ஸ், 3 என்றால் இத்தாலி, 4 என்றால் நெதர்லாந்து. அந்த எண் ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கும். பாகம் செய்யப்பட்ட நாட்டைக் குறிக்காது. அமெரிக்காவின் வழி வேறு. அங்கே பாதுகாப்புத் தரங்களைப் பொறுத்தவரை அரசு முன்கூட்டியே ஒப்புதல் தருவதில்லை. விளக்குகளுக்கான 108-ஆம் எண் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டுத் தன் பொருள் இருக்கிறது என்று தயாரிப்பாளரே உறுதி கூறி, அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் ஆங்கிலச் சுருக்கமான ‘டி.ஓ.டி.’ என்பதைப் பொறிக்கிறார். அந்த மூன்று எழுத்தைப் பார்த்துவிட்டு, அரசே சோதித்துத் தேர்ச்சி தந்தது என்று நினைப்பவர்கள் வாங்குபவர்களில் மட்டுமல்லாமல் விற்பவர்களிலும் இருக்கிறார்கள். சொன்ன உறுதி பொய்யானால், பொருளைத் திரும்பப் பெறும் கடமை வரும். விற்பனைக்காக இறக்குமதி செய்பவரையும் அந்நாட்டுச் சட்டம் தயாரிப்பாளராகவே கருதுகிறது. வெளிநாட்டுத் தயாரிப்பாளரோ, சட்ட அறிவிப்புகளைப் பெற்றுக்கொள்ள அந்நாட்டிலேயே ஒரு முகவரை நியமித்திருக்க வேண்டும். முதல் ஆர்டரில் மகிழ்ந்திருக்கும் புதியவரிடம் இதை யாரும் சொல்வதில்லை.

இங்கே நான் கண்ணால் கண்ட ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கடையில் வாங்கிய அசல் விளக்கை மாதிரியாக வைத்து அச்சு செய்யும்போது, அதன் மேல் இருந்த ஈ-மார்க்கும் ஒப்புதல் எண்ணும் அப்படியே அச்சில் ஏறிவிடுகின்றன. அச்சு செய்தவருக்கு அது ஒரு கோலம் மாதிரி. அதன் பொருள் அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு விளக்கும், தான் பெறாத ஒப்புதலைப் பெற்றதாகச் சொல்லிக்கொண்டே வெளியே வருகிறது. அறியாமல் நடந்தது என்ற விளக்கம் சுங்க அதிகாரியிடம் எடுபடாது. புதிய அச்சு வந்ததும் முதல் பொருளைக் கையில் எடுத்து, அதில் பொறித்துள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் எண்ணுக்கும் நம்மிடம் காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரேக் பேடுக்கு ஐ.நா.வின் 90-ஆம் எண் விதிமுறை உண்டு. மாற்றாக வரும் பேடின் உராய்வுத் தன்மை, அசல் பேடினுடையதிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று அது கேட்கிறது. அசலைவிட அதிகமாகப் பிடிப்பதும் குறைதான் என்பதைப் பலர் ஏற்க மறுக்கிறார்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே கார் நிறுவனம் வகுத்த பிரேக் சமநிலை கெட்டுவிடும் என்பதே அதன் காரணம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் இன்னொரு நிபந்தனை விதிக்கின்றன. பேடிலிருந்து உதிரும் செம்புத் துகள் மழைநீரில் கலந்து ஆற்றுக்குப் போய், சால்மன் போன்ற மீன்களைப் பாதிக்கிறது என்பதால், 2010-இல் இரு மாநிலங்களும் சட்டம் இயற்றின. பேடில் செம்பின் அளவு 2021 முதல் 5 சதவீதத்துக்கும், 2025 முதல் 0.5 சதவீதத்துக்கும் மேல் இருக்கக் கூடாது. நேற்றுவரை நன்றாக விற்ற கலவை ஒரு ஜனவரி முதல் தேதியில் புதிதாகச் செய்து விற்கக் கூடாததாக மாறியது. அந்த மாற்றத்துக்குப் பதினைந்து ஆண்டு அவகாசம் இருந்தும், கடைசி ஆண்டில் விழித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

பிரேக்கும் விளக்கும் உயிர் காப்பவை, ஆகவே அவற்றில் கவனம் வேண்டும். சீட் கவர், மிதியடி போன்றவை அலங்காரப் பொருள்கள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்சஸ் கார் கட்டுக்கடங்காத வேகத்தில் போய் மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். வேறொரு மாடலுக்கான மிதியடி அந்தக் காரில் போடப்பட்டிருந்தது. அது ஆக்சிலேட்டர் பெடலைப் பிடித்துக்கொண்டது என்று விசாரணை சொன்னது. அதைத் தொடர்ந்து டொயோட்டா நிறுவனம் மிதியடி காரணமாக அந்நாட்டில் சுமார் 38 லட்சம் வண்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. அந்த மிதியடி தரம் குறைந்ததல்ல. அந்தக் காருக்கு உரியதல்ல, அவ்வளவுதான். ‘எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்’ என்று அச்சிட்ட மிதியடிப் பெட்டிகளைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த நால்வரின் நினைவு வருகிறது. தரையில் உள்ள கொக்கியில் மாட்டும் துளை இல்லாத மிதியடியை ஓட்டுநர் இருக்கைக்கு அனுப்புவதை எங்கள் நிறுவனத்தில் நிறுத்திவிட்டோம். சீட் கவரிலும் இதே எச்சரிக்கை தேவை. இருக்கையின் பக்கவாட்டிலிருந்து விரியும் ஏர்பேக் உள்ள கார்களில், அந்த இடத்தை இறுக மூடித் தைத்த உறை, விபத்து நேரத்தில் ஏர்பேக்கைத் தடுத்துவிடும். அந்த இடத்தைத் திறந்து வைத்தோ, குறிப்பிட்ட விசையில் பிரிந்துவிடும் தையலைப் போட்டோதான் உறை வர வேண்டும்; அதைச் சோதித்ததற்கான சான்றும் வேண்டும்.

வடிவ உரிமை இன்னொரு சிக்கல். பானெட், பம்பர், விளக்கு போன்று காரின் தோற்றத்தோடு இணைந்த பாகங்களைப் பழுதுக்கு மாற்றாகச் செய்து விற்பதற்கு, ஐரோப்பிய ஒன்றியத்தில் நாட்டுக்கு நாடு வேறுபட்ட சட்டம் நிலவி வந்தது. பழைய தோற்றத்தை மீட்பதற்காக மட்டும் மாட்டும் பாகத்துக்கு வடிவ உரிமையிலிருந்து விலக்கு அளிக்கும் விதியை ஒன்றியம் முழுவதற்கும் பொதுவாக்கும் சட்டம் 2024-இல் வந்துள்ளது. முன்னர் பாதுகாப்புத் தந்துவந்த நாடுகளுக்கு 2032 டிசம்பர் வரை அவகாசம் இருக்கிறது. அந்த விலக்கைப் பெற, பாகத்தை யார் செய்தார் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரிவிக்கவும் வேண்டும். இது வடிவத்துக்கான விலக்கு. முத்திரைக்கு இது பொருந்தாது. 2024 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் ஔடி தொடர்பான வழக்கில் சொன்ன தீர்ப்பு இதற்கு நல்ல பாடம். முன்பக்க கிரில்லில் அந்நிறுவனத்தின் நான்கு வளைய முத்திரையைப் பொருத்துவதற்காக, அந்த முத்திரையின் வடிவத்திலேயே அமைந்த ஒரு பிடிமானம் இருந்தது. முத்திரையே அதில் இல்லை. இருந்தும், அப்படிப்பட்ட கிரில்லை இறக்குமதி செய்து விற்பதை முத்திரை உரிமையாளர் தடுக்கலாம் என்று நீதிமன்றம் கூறியது. மாதிரியைப் பார்த்து அச்சு செய்பவர்கள் இந்தத் தீர்ப்பைத் தம் பட்டறைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

சுங்கக் குறியீட்டில் நடக்கும் தவறுகளும் இதே அலட்சியத்தின் கிளைகள்தாம். கார் பாகம் என்றாலே 8708 என்று இன்வாய்ஸில் போட்டுவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. உலகச் சுங்க அமைப்பின் பட்டியலில் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதன்படி ஆயில் ஃபில்டர் 8421.23, ஏர் ஃபில்டர் 8421.31, ஸ்பார்க் பிளக் 8511.10, விளக்கு 8512.20, பின்பார்வைக் கண்ணாடி 7009.10, ரப்பர் மிதியடி 4016.91, பேரிங் 8482, தகட்டில் பதித்த பிரேக் பேட் 8708.30. ஒவ்வொன்றுக்கும் அங்கே வரி வேறு, தரச் சான்று நிபந்தனை வேறு. தவறான குறியீட்டில் போன சரக்கு துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாங்குபவர் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் கட்டுகிறார். டிக்கிக் கதவைத் தாங்கும், அழுத்த வாயு அடைத்த கேஸ் ஸ்ட்ரட், ஏர்பேக், லித்தியம் பேட்டரி உள்ள கேமரா போன்றவற்றைச் சாதாரணப் பாகம் என்று எழுதி அனுப்புவது இதைவிடப் பெரிய தவறு. இவற்றுக்கு ஐ.நா.வின் ஆபத்தான சரக்கு எண்கள் இருக்கின்றன. ஏர்பேக்கின் எண் 3268. கப்பலில் தீப்பிடித்தால் அதே கன்டெய்னர் அடுக்கின் மேல் நிற்கும் மற்றவரின் சரக்கும், மாலுமிகளின் உயிரும் அந்தப் பொய்க்கு விலை கொடுக்கின்றன.

பெட்டி கட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பகலில் சூடேறி இரவில் குளிரும் கன்டெய்னரின் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். துருவைத் தடுக்கும் வி.சி.ஐ. காகிதமும் ஈரம் உறிஞ்சும் பைகளும் இல்லாமல் போன பிரேக் டிஸ்க், போய்ச் சேரும்போது பழைய இரும்புபோல் இருக்கும். சரக்கை அடுக்கும் மரப் பலகைகளை, நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கியோ, வேறு ஏற்கப்பட்ட முறையில் பதப்படுத்தியோ அதற்குரிய முத்திரையைக் குத்தியிருக்க வேண்டும். முத்திரையில்லாத ஒரு பலகைக்காக முழு கன்டெய்னரும் திருப்பி அனுப்பப்படலாம்.

தங்கள் கட்டுரை எல்.சி. என்னும் வங்கிக் கடன் உறுதிக் கடிதத்தை மிகப் பாதுகாப்பானது என்று வர்ணித்திருந்தது. பணத்துக்கு அது காப்புதான். ஆனால் 2007 முதல் நடைமுறையில் உள்ள யு.சி.பி. 600 என்ற எல்.சி. விதிகளின்படி, வங்கி ஆவணங்களை மட்டுமே பார்க்கும்; சரக்கைப் பார்க்காது. காது நீண்ட எங்கள் பிரேக் பேடுகளுக்கும் ஆவணங்கள் குறையின்றி இருந்தன என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். கப்பல் கட்டணமும் காப்பீடும் விலையில் அடங்கிய சி.ஐ.எஃப். முறையில் விற்பவர் எடுக்க வேண்டிய காப்பீடு குறைந்தபட்ச வகை மட்டுமே. திருட்டும், கன்டெய்னருக்குள் புகும் கடல்நீரும் அதில் அடங்கா. விற்பவரும் வாங்குபவரும் இதை முதலிலேயே பேசிக்கொள்வது நட்பைக் காக்கும். கன்டெய்னரில் போகும் சரக்குக்கு, கப்பலில் ஏறும்வரை விற்பவர் பொறுப்பேற்கும் எஃப்.ஓ.பி. முறையைவிட, வாங்குபவர் அமர்த்திய போக்குவரத்தாளரிடம் ஒப்படைப்பதோடு அந்தப் பொறுப்பு முடியும் எஃப்.சி.ஏ. முறை பொருத்தமானது என்று சர்வதேச வணிகச் சபையே கூறியிருந்தும், பழக்கத்தால் எல்லோரும் எஃப்.ஓ.பி. என்றே எழுதிவருகிறார்கள்.

இத்தொழிலில் புதியவர்கள் வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு ஓடிய காரை வைத்திருக்கும் எளிய மனிதருக்கு, கார் நிறுவனத்தின் விலைக்குப் பாதியில் நேர்மையான பாகம் கிடைப்பது பெரிய உதவி. அந்தக் காரை அவர் இன்னும் சில ஆண்டுகள் பாதுகாப்பாக ஓட்ட முடிகிறது என்பதே இந்தத் தொழிலில் என்னை இத்தனை காலம் நிறுத்தியிருக்கிறது. அதனால்தான், ஏற்றுமதி வாய்ப்பைப் பற்றிய அடுத்த கட்டுரையில், வாங்குபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் தாங்கள் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓ.இ. நம்பர் என்ன, சேஸிஸ் நம்பர்கள் எவை, வண்டி எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த ஒப்புதல் முத்திரை தேவை, அதற்கான சான்று யார் பெயரில் இருக்க வேண்டும், பொருள் பழுதானால் யார் திரும்பப் பெறுவது, பேட்ச் எண் பாகத்தின் மேலேயே அடிக்கப்பட்டிருக்கிறதா என்பவையாவது அதில் இடம்பெறட்டும். துறையில் அனுபவமுள்ள சோதனையாளர்களிடமும், வெளிநாட்டில் நம் பாகங்களை மாட்டும் மெக்கானிக்குகளிடமும் பேசி எழுதினால் இன்னும் பயனுள்ளதாக இருக்கும். விற்பவர்களின் பேச்சையே நாம் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மாட்டுபவர்களின் பேச்சை யாரும் கேட்பதில்லை.

கிரைண்டரில் தேய்த்த அந்த பிரேக் பேடின் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வாங்குபவரின் அடையாளமும் வண்டி எண்ணும் தெரியாதபடி வெட்டி வைத்திருக்கிறேன். தங்கள் பக்கத்தில் வெளியிட விரும்பினால் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கார் உதிரிபாக ஏற்றுமதித் துறையில் பணியாற்றுபவர்